டேனிஷில் ‘ஃபொர்’ வந்தால் பொருள் பிரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்று வாசிக்கிறோமே, அதே மூன்றெழுத்துச் சொல் டேனிஷிலும் உண்டு. எஃப், ஓ, ஆர். எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். பார்த்ததும் ‘க்காக’ என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். டேனிஷிலோ அந்தச் சொல் ‘அளவுக்கு மீறி’ என்றும் வரும், ‘முன்பு’ என்றும் வரும், ‘ஏனென்றால்’, ‘பாய்ந்தான்’, கோட்டின் ‘லைனிங்’ என்றும் வரும்.

ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்பதுதான் கீழே இருக்கிறது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். மாற்றினால் எங்கே இடிக்கும் என்பதை அந்தந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பிரதிப்பெயர் ஜோடிகள். எழுவாயாக வரும்போது ஒரு வடிவம், மற்ற இடங்களில் வேறு வடிவம்: யாய்–மாய் (நான்), டு–டாய் (நீ), ஹன்–ஹம் (அவன்), ஹுன்–ஹென்னெ (அவள்), வி–ஒஸ் (நாம்), டி–டெம் (அவர்கள்). இவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். எட்டாம் படி முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது, வாக்கியத்தின் முக்கிய வினை எது என்று கண்டுபிடிக்கும் பழக்கம். டேனிஷில் சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். முதலிடத்தில் காலத்தையோ இடத்தையோ காட்டும் தொடர் வந்துவிட்டால், எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விடும்.

மூன்றாவது, ஒரு நல்ல அகராதி. ‘டென் டான்ஸ்கெ ஓர்போ’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே எழுத்துக்கோவைக்குப் பெயர்ச்சொல், வினை, முன்னிடைச்சொல் (ஆங்கிலத்தில் ‘ப்ரெபொசிஷன்’) என்று தனித்தனிப் பதிவு இருக்கும், உச்சரிப்பையும் கேட்கலாம். டேனிஷ்–ஆங்கில அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டாம். அது உங்களைத் திரும்பவும் ஆங்கில ‘ஃபார்’ பக்கமே இழுக்கும்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. டேனிஷ் சொற்களை இங்கே உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். ‘த’ வரும் இடங்களில் ‘அது’ என்பதில் வருகிற மென்மையான த-வை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் கடைசி ‘ர்’ பெரும்பாலும் கரைந்துவிடும்.

2. இது தனிச்சொல்தானா என்று பாருங்கள்

அடுத்த சொல்லோடு ஒட்டி எழுதியிருந்தால் கீழே வரும் படிகள் எதுவும் பொருந்தாது. ஃபொர்ஸ்டோ (புரிந்துகொள்), ஃபொர்கிளாரெ (விளக்கு) போன்றவற்றில் அது வெறும் முன்னொட்டு. தனியே பிரித்துப் பொருள் தேடினால் எதுவும் கிடைக்காது. அழுத்தம் அடுத்த அசையில் விழும்.

அழுத்தம் முன்னொட்டின் மேலேயே விழுந்தால் பெரும்பாலும் ‘முன்’ என்ற பொருள் கிடைக்கும். காலைக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கான டேனிஷ் சொல் இப்படித்தான் அமைந்தது, நம் ‘முற்பகல்’ போலவே. வசந்த காலம், சங்கத் தலைவர், விருந்தில் முதலில் பரிமாறும் தட்டு ஆகியவற்றுக்கான சொற்களும் இதே வகை.

தோற்றத்தில் நெருங்கிய வேறு சொற்களையும் இந்தப் படியிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஓ-வின் இடத்தில், தலையில் வளையம் வைத்த ஏ இருந்தால் அது ஃபோர்: ‘செம்மறியாடு’ என்றும் ‘பெறுகிறது’ என்றும் இரண்டு பொருள். டேனிஷ் பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்கும் ‘ஃபோர் ஃபோர் ஃபோர்?’ என்பதற்கு ‘செம்மறி செம்மறியையா ஈனும்?’ என்று பொருள். ‘ஃபோர் ஃபோர் லம்’, குட்டியைத்தான் ஈனும் என்பது பதில். குறுக்குக்கோடு போட்ட ஓ இருந்தால் ஃபெர், அதாவது ‘முன்னர்’. வெறும் ஏ என்றால் ஃபார், அதாவது ‘அப்பா’.

டேனிஷ் விசைப்பலகை இல்லாதவர்கள் அனுப்பும் மின்னஞ்சலில் கூடுதல் கவனம் தேவை. வளைய ஏ-க்குப் பதில் இரண்டு ஏ, கோடு போட்ட ஓ-க்குப் பதில் ‘ஓ-ஈ’ என்று தட்டுவார்கள். எஃப்-ஓ-ஈ-ஆர் என்று கண்டால் அது ‘முன்னர்’. நம் சொல்லின் எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

3. வினையா, பெயரா என்று ஒரு பார்வை

இது அரிதாகத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் மற்ற எல்லாச் சோதனைகளும் வீண். அதனால்தான் முதலிலேயே முடித்துக்கொள்கிறோம்.

‘ஃபாரெ’ (விரைந்து பாய்தல்) என்ற வினையின் இறந்தகாலமும் இதே மூன்றெழுத்துதான். உச்சரிப்பில் மட்டும் நெடில். ‘ஹன் ஃபோர் ஒப்’ என்றால் அவன் துள்ளி எழுந்தான். அடையாளம் இரண்டு. இடப்பக்கத்தில் எழுவாய் ஒட்டி நிற்கும், அந்த வாக்கியப் பகுதியில் வேறு முக்கிய வினை இருக்காது. வலப்பக்கத்தில் மேலே, வெளியே, உள்ளே என்று திசை காட்டும் சொல் வரும். சிலர் குழப்பம் வேண்டாம் என்று ஓ-வின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். அந்தக் கோடு இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. கோடு கட்டாயமில்லை என்பதால், அது இல்லையென்றால் வினை இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

லைனிங் என்ற பெயர்ச்சொல் பெரும்பாலும் ‘எட்’ என்ற ஈற்றோடு வரும்: ‘ஃபோரெட் இ யக்கன்’, ஜாக்கெட்டின் லைனிங். துணிக்கடை, தையற்கடை விவரங்களுக்கு வெளியே இதைப் பார்ப்பது அபூர்வம்.

4. வலப்பக்கம் தள்ளிப் போய் ‘சிதன்’ தேடுங்கள்

ஃபொர்-க்கு அடுத்த சொல்லை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். கால அளவு ஒன்று தொடங்கினால் அது முடியும்வரை போங்கள். முடிவில் ‘சிதன்’ இருந்தால் மொத்தத் தொடருக்கும் ‘இவ்வளவு காலத்துக்கு முன்பு’ என்று பொருள். ‘ஃபொர் டோ ஓர் சிதன்’, இரண்டு வருஷத்துக்கு முன்பு. நடுவில் எத்தனை சொல் வந்தாலும் பரவாயில்லை: ‘ஃபொர் மேர் என் டூவெ ஓர் சிதன்’, இருபது வருஷத்துக்கும் முன்பு.

இந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்துவிட்டு நேரே தமிழிலிருந்து போங்கள். ‘வருஷத்துக்கு முன்பு’ என்பதில் வரும் ‘க்கு’தான் ஃபொர், ‘முன்பு’தான் சிதன். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘ஃபார்’ கிடையாது, ‘அகோ’ மட்டும்தான். ஆங்கில வழியாக யோசிப்பவர் ஃபொர்-ஐ விட்டுவிடுவதும், தமிழ் வழியாக யோசிப்பவர் விடாமல் எழுதுவதும் இதனால்தான்.

‘அளவுக்கு மீறி’ சோதனைக்கு முன்னால் இதை ஏன் வைத்தோம்? ‘ஃபொர் லெங்கெ’ என்றால் அளவுக்கு மீறி நெடுநேரம். ‘ஃபொர் லெங்கெ சிதன்’ என்றால் வெகுகாலம் முன்பு. ‘ஃபொர் லிட்’ என்றால் போதாத அளவு, ‘ஃபொர் லிட் சிதன்’ என்றால் கொஞ்ச நேரம் முன்பு. சிதன்-ஐப் பார்க்காமல் அவசரப்பட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும்.

இரண்டு பொறிகள். ‘சீதன்’ என்று நெடிலாக ஒலிக்கும் இன்னொரு சொல்லும் எழுத்தில் இதேதான். அதற்கு ‘பக்கம்’ என்று பொருள், இணையப் பக்கமும் சேர்த்து. ஃபொர்-க்கும் அதற்கும் நடுவில் கால அளவு எதுவும் இல்லையென்றால் அது பக்கம்தான். அடுத்தது ‘ஃபொர் டிதன்’: முதல் எழுத்து எஸ் இல்லை, டி. இதற்கு ‘இப்போதைக்கு, இந்த நாட்களில்’ என்று பொருள். வேகமாகப் படிக்கும்போது கண் ஏமாறும்.

5. இடப்பக்கம் யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள்?

சில சொற்கள் ஃபொர்-ஐத் தம்மோடு கட்டியே வைத்திருக்கும். அந்த நேரத்தில் அதன் பொருளைத் தனியாகத் தேடக் கூடாது, ஜோடியாகத்தான் படிக்க வேண்டும்.

‘பங்கெ ஃபொர்’, ஒன்றுக்குப் பயப்படுவது. ‘ப்ரூ ஃபொர்’, தேவை: ‘யாய் ஹார் ப்ரூ ஃபொர் யெல்ப்’ என்றால் எனக்கு உதவி தேவை. ‘கிளத் ஃபொர்’, ஒன்றில் மகிழ்ச்சி. ‘செர்வெ ஃபொர்’, பார்த்துக்கொள்வது, நடக்கும்படி செய்வது. ‘கென்ட் ஃபொர்’, பெயர்போன. ‘நோர் ஃபொர்’, வடக்கே. ‘ஓவர் ஃபொர்’, எதிரே.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஆஃப், டு, வித், ஃப்ரம் என்று ஆளுக்கொரு சொல். அதனால் ஆங்கிலத்தை வைத்துப் பழகுபவர் ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழில் எவ்வளவு சுலபம் பாருங்கள்: நாய்க்குப் பயம், கோபன்ஹேகனுக்கு வடக்கே, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது (லேசெ ஹொய்ட் ஃபொர்), ஒருவருக்கு விளக்குவது (ஃபொர்கிளாரெ ... ஃபொர்), 100 குரோனருக்கு வாங்குவது. எல்லாவற்றிலும் ‘க்கு’. நான்காம் வேற்றுமைக்கும் டேனிஷ் ஃபொர்-க்கும் இப்படி அடிக்கடி ஒத்துப்போகும். எப்போதும் இல்லை, எங்கே ஒத்துப்போகாது என்பது 11-ஆம் படியில் வருகிறது.

இதே படியில் இன்னொன்று: வாக்கியத் தொடக்கத்தில் ‘வத்’ (என்ன) இருக்கிறதா என்று பாருங்கள். ‘வத் எர் டே ஃபொர் நோத்?’ என்றால் ‘அது என்ன?’ அவ்வளவுதான். ‘வத் எர் டே ஃபொர் என் பீல்?’ என்றால் அது என்ன கார், எந்த மாதிரிக் கார். ஃபொர்-க்குத் தனிப்பொருள் கிடையாது, தொடக்கத்து ‘வத்’ உடன் சேர்ந்து ‘என்ன வகை’ என்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே வினையும் எழுவாயும் நுழைந்துவிடுவதால் புதியவர்கள் இந்த ஜோடியைக் கவனிப்பதே இல்லை. ‘எதற்காக?’ என்று படித்துவிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்கள்.

6. அடுத்த சொல் ‘அட்’ ஆக இருந்தால்

இடப்பக்கம் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை, வலப்பக்கம் ‘அட்’ வந்து அதன் பின் வினையின் மூல வடிவம் வருகிறது என்றால், நோக்கம்: ‘ஃபொர் அட் லேரெ டான்ஸ்க்’, டேனிஷ் கற்பதற்காக. தமிழில் ‘கற்க’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், ஆங்கிலத்திலும் ‘டு’ ஒன்றே போதும். இரண்டு பழக்கமும் சேர்ந்து, எழுதும்போது ஃபொர்-ஐ விழுங்க வைக்கும். டேனிஷில் நோக்கம் சொல்ல இரண்டு சொல்லும் வேண்டும்.

ஐந்தாம் படி இதற்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. ‘பங்கெ ஃபொர் அட் ஃப்லூவெ’ என்பதிலும் ‘ஃபொர் அட்’ இருக்கிறது. ஆனால் அங்கே ஃபொர் ‘பங்கெ’யின் சொத்து. ‘பறக்கப் பயம்’ என்பதே பொருள், ‘பறப்பதற்காகப் பயந்தான்’ இல்லை.

காதால் கேட்கும்போது இந்த ‘அட்’ வெறும் ‘ஒ’ என்றுதான் ஒலிக்கும். ‘மற்றும்’ என்ற பொருளுடைய சொல்லும் அப்படியேதான் ஒலிக்கிறது. டேனிஷ்காரர்களே எழுத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது ஊரறிந்த பிழை. கேட்டதை எழுதும் பயிற்சியில் ‘ஃபொர் ஒ’ என்று காதில் விழுந்தால் ‘அட்’ என்றே எழுதுங்கள்.

7. அடுத்தது அடைச்சொல்லா? ‘அளவுக்கு மீறி’

ஃபொர்-ஐத் தொடர்ந்து பெரிய, சிறிய, விலை கூடிய, தாமதமாக, நிறைய என்ற வகைச் சொல் வந்தால், முதல் சந்தேகம் ‘அளவுக்கு மீறி’ என்பதாகவே இருக்கட்டும். ‘ஃபொர் டூர்’, கட்டுப்படியாகாத விலை. ‘ஃபொர் சேன்ட்’, தாமதமாகிப் போனது. பேச்சுத் தமிழில் இதை ‘ரொம்ப’ என்போம். அதில் ஒரு வில்லங்கம்: நம் ‘ரொம்ப’ பாராட்டுக்கும் வரும், டேனிஷ் ஃபொர் இப்படி வரும்போது வரம்பு தாண்டிவிட்டது என்ற குறை ஒளிந்திருக்கும். ‘ரொம்பப் பெரிய வீடு’ என்று மெச்சிச் சொல்ல ஃபொர் போட்டால், வீடு உங்களுக்குத் தோதுப்படவில்லை என்று கேட்பவர் நினைப்பார். அங்கே வேண்டியது ‘மாத்’.

சந்தேகம் தீர ஒரு சோதனை: முன்னால் ‘அல்ட்’ சேர்த்துப் பாருங்கள். ‘அல்ட் ஃபொர் டூர்’, எக்கச்சக்க விலை. பொருள் நின்றால் அளவுக்கு மீறியதுதான். ‘அல்ட் ஃபொர் டாமெர்னெ’ என்ற பெயரில் ஒரு பெண்கள் பத்திரிகை வந்தது. அந்தப் பெயரில் ‘அல்ட்’ என்றால் ‘எல்லாம்’, மொத்தத்தில் ‘பெண்களுக்கு எல்லாம்’. பின்னால் வருவது பெயர்ச்சொல் என்பதால் சோதனை அங்கே செல்லாது.

சிக்கல் எழுவது அடைச்சொல்லோடு ஒரு பெயர்ச்சொல்லும் வரும்போது. ‘ஃபொர் ஸ்டோரெ ஸ்கோ’ என்றால் அளவுக்கு மீறிப் பெரிய காலணி. ‘ஃபொர் ஸ்மோ பெர்ன்’ என்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கானது. இலக்கண அமைப்பு ஒன்றே. தீர்ப்பு வினையிடம் இருக்கிறது. வினைக்குச் செயப்படுபொருள் தேவைப்பட்டு வேறு எதுவும் கிடைக்கவில்லையென்றால் (காலணியை வாங்கினான்), அந்தப் பெயர்ச்சொல்லே செயப்படுபொருள், ஃபொர் ‘மீறி’. வினைக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டதென்றால் (புத்தகம் எழுதினாள்), மிச்சமிருப்பது ‘க்கான’. ஒருமையில் இந்தத் தொல்லை குறைவு: ‘என் ஃபொர் ஸ்டோர் பீல்’ என்று ‘ஒரு’ முன்னால் வந்தாலும், ‘ஃபொர் ஸ்டோர் என் பீல்’ என்று நடுவில் வந்தாலும், அளவுக்கு மீறிப் பெரிய கார்தான்.

‘வேலை செய்ய முடியாத அளவுக்குக் களைப்பு’ என்று சொல்ல ‘ஃபொர் ட்ரெட் டில் அட் ஆர்பாய்டெ’. இரண்டாம் பாதியில் வருவது ‘டில் அட்’. ஆறாம் படியின் ஞாபகத்தில் இங்கேயும் ‘ஃபொர் அட்’ போடுபவர்கள் ஏராளம்.

8. அடுத்தது எழுவாயா? ‘ஏனென்றால்’

இங்கேதான் பிரதிப்பெயர் ஜோடிகள் உதவும். ‘ஃபொர் ஹம்’ என்றால் அவனுக்காக. ‘ஃபொர் ஹன்’ என்று வந்தால் அது ‘ஏனென்றால் அவன்’. ஒரே ஓர் எழுத்து: என்-ஆ, எம்-ஆ என்று பாருங்கள். அதேபோல ஃபொர் மாய், எனக்காக. ஃபொர் யாய், ஏனென்றால் நான்.

ஆங்கிலத்திலும் ‘ஃபார்’ இந்தப் பொருளில் வரும். ஆனால் பழைய நூல்களிலும் விவிலியத்திலும் கேட்கிற தொனி அதற்கு. டேனிஷில் இது சந்தைப்பேச்சு. குறுஞ்செய்தியில்கூட வரும். அதனால் ‘இவ்வளவு எளிய உரையில் இலக்கிய நடை வராது’ என்று எண்ணி இந்தப் பொருளைத் தள்ளிவிடாதீர்கள்.

பெயர்ச்சொல் எழுவாயாக வந்தாலோ, ‘டென்’, ‘டே’ போல இரண்டு இடத்திலும் மாறாத பிரதிப்பெயர் வந்தாலோ வடிவம் கைகொடுக்காது. அப்போது அதற்கடுத்து முக்கிய வினை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ‘ஏனென்றால்’. பெரும்பாலும் ஃபொர்-க்கு முன்னால் ஒரு காற்புள்ளியும் இருக்கும்.

எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் விதி. ‘ஃபொர்டீ’ என்ற இன்னொரு ‘ஏனென்றால்’ இருக்கிறது. அதன் பின் ‘இக்கெ’ (இல்லை) வினைக்கு முன்னால் நிற்கும்: ஃபொர்டீ ஹன் இக்கெ கொம், அவன் வராததால். ஃபொர்-க்குப் பின் சாதாரண வாக்கிய அமைப்பு: ஃபொர் ஹன் கொம் இக்கெ. ‘ஏன்?’ என்று கேட்டால் பதிலை ஃபொர்டீ போட்டுத்தான் தொடங்க வேண்டும். ஃபொர் எப்போதும் முன்னால் சொன்ன ஒன்றுக்குக் காரணமாகத் தொடர்வது.

9. மிச்சம் இருப்பவை

இவ்வளவையும் தாண்டி வந்த ஃபொர் என்றால் அது வெறும் முன்னிடைச்சொல். க்காக, க்கு, சார்பாக, பதிலாக, முன்னிலையில் என்பவற்றில் ஒன்று பொருந்தும். ‘ஃபொர் ரெட்டன்’ நீதிமன்றத்தின் முன். ‘ஃபொர் மின் ஸ்கூல்’ என் பொருட்டு. இதில் கடைசியில் வரும் ‘ஸ்கூல்’ பள்ளிக்கூடம் அல்ல.

நிலைத்த தொடர்களை அலசிக்கொண்டிருக்காமல் அப்படியே விழுங்கிவிடுங்கள்: ஃபொர் எக்செம்பெல் (உதாரணமாக), ஃபொர் டே ஃபெர்ஸ்டெ (முதலாவதாக), ஃபொர் டே மேஸ்டெ (பெரும்பாலும்), ஃபொர் நூலி (அண்மையில்), ஃபொர் அல்டித் (என்றென்றும்), இ ஸ்டெத் ஃபொர் (பதிலாக). சாப்பிட்டு எழுந்ததும் ‘டக் ஃபொர் மத்’ என்று சொல்வது அங்கே வழக்கம், சமைத்தவர் ‘வெல்பெகொம்மெ’ என்பார். முன்பு ஒரு விருந்தில் சந்தித்தவரை மறுபடி பார்க்கும்போது ‘டக் ஃபொர் சிஸ்ட்’ என்பார்கள், போனமுறைக்கு நன்றி. இதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் ‘கடைசிக்கு நன்றி’ என்று விபரீதமாகத்தான் வரும்.

10. ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

‘ஃபொர் ட்ரே ஓர் சிதன் கெப்டெ யாய் என் நூ யக்கெ, ஃபொர் டென் கம்லெ வார் ஃபொர் லிலெ. யாய் வார் பங்கெ ஃபொர் அட் பெடாலெ ஃபொர் மாத், ஸோ யாய் டோ டில் ஓதென்ஸெ ஃபொர் அட் லேதெ எஃப்டர் நோத் பிலிட்.’

முதல் ஃபொர்: தள்ளிப் போனால் சிதன் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு முன்பு. அந்தத் தொடர் முதலிடத்தைப் பிடித்ததால் ‘கெப்டெ’ (வாங்கினேன்) முன்னால் வந்து ‘யாய்’ பின்னால் போயிருக்கிறது.

இரண்டாவதில்தான் பலர் தடுக்குவார்கள். ‘ஃபொர் டென் கம்லெ’ என்பது ‘பழையதற்காக’ என்று படிக்கத் தூண்டும். தொடர்ந்து ‘வார்’ என்ற வினை வருகிறது. ஆகவே ‘டென் கம்லெ’ எழுவாய், ஃபொர் ‘ஏனென்றால்’. மூன்றாவது, ‘லிலெ’ (சிறிய) என்ற அடைச்சொல்லுக்கு முன்: பழையது போட முடியாதபடி சிறிதாகிவிட்டது.

நான்காவது ‘பங்கெ’யின் சொத்து. ஐந்தாவது ‘மாத்’ (நிறைய) என்பதற்கு முன் ‘மீறி’. இதைக் கவனிக்காதவர் ‘நிறையப் பொருளுக்குப் பணம் கொடுக்கப் பயம்’ என்று படிப்பார், ஏனென்றால் ‘பெடாலெ ஃபொர்’ (ஒன்றுக்குப் பணம் கொடுப்பது) என்ற ஜோடியும் உண்மையிலேயே இருக்கிறது. ‘அல்ட்’ சோதனையைப் போட்டுப் பாருங்கள், ‘பெடாலெ அல்ட் ஃபொர் மாத்’ இயல்பாக நிற்கிறது. ஆறாவது, இடப்பக்கம் ஊர்ப்பெயர் (‘டோ டில் ஓதென்ஸெ’ என்றால் ஓதென்ஸெவுக்குப் போனேன், இந்த ‘டோ’ இரண்டு அல்ல), சொந்தக்காரர் யாருமில்லை. நோக்கம்: மலிவாக ஏதாவது தேடுவதற்காக. கடைசியில் ‘தேடு’ என்பதோடு ஆங்கிலத்தில் ‘ஃபார்’ வரும், டேனிஷில் ‘எஃப்டர்’ வந்திருப்பதையும் கவனியுங்கள்.

11. எழுதும்போது: ஆங்கில ‘ஃபார்’ எங்கெல்லாம் ஃபொர் ஆகாது

அதிகம் நடக்கும் பிழை கால அளவில். ‘இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்பதற்கு ஆங்கிலம் ‘ஃபார்’ போடும். டேனிஷ் ‘இ டோ ஓர்’ என்று ‘இ’ போடும். ஃபொர் போட்டால் டேனிஷ்காரர் சிதன் வரும் என்று காத்திருப்பார். நான்கையும் ஒன்றாக மனத்தில் வையுங்கள்: ‘இ டோ ஓர்’ (இரண்டு வருஷமாக), ‘ஃபொர் டோ ஓர் சிதன்’ (இரண்டு வருஷத்துக்கு முன்பு), ‘ஒம் டோ ஓர்’ (இன்னும் இரண்டு வருஷத்தில் நடக்கப்போவது), ‘போ டோ ஓர்’ (இரண்டு வருஷத்துக்குள் முடித்தது). எண்ணை விட்டுவிட்டு வெறும் ‘இ ஓர்’ என்றால் ‘இந்த வருஷம்’ என்று ஆகிவிடும்.

அடுத்தது பெறுபவர். ‘உனக்கு ஒரு பரிசு’ என்பதற்கு ‘என் காவெ டில் டாய்’. தமிழ் ‘க்கு’வும் ஆங்கில ‘ஃபார்’-உம் சேர்ந்து ஃபொர் பக்கம் தள்ளும், மயங்காதீர்கள். பொருள் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்கிறது என்றால் டில். கடிதம், காபி, காலை உணவுக்கு என்ன (டில் மொர்ன்மத்), விற்பனைக்கு, எல்லாம் டில். ஒருவருக்காகச் சிரமப்படுவது, அவர் இடத்தில் நின்று செய்வது, விலை கொடுப்பது என்றால் ஃபொர். பரிசைப் பற்றிப் பேசும்போது ஆங்கில ‘கிஃப்ட்’-ஐ அப்படியே எடுத்து வைக்கவும் கூடாது, டேனிஷில் அதற்கு ‘நஞ்சு’ என்றும் ‘மணமானவர்’ என்றும் பொருள்.

மூன்றாவது, வினையோடு வரும் ‘ஃபார்’. காத்திருப்பது ‘வென்டெ போ’, தேடுவது ‘லேதெ எஃப்டர்’, கேட்டு வாங்குவது ‘பேதெ ஒம்’. இவை மூன்றையும் வினையோடு சேர்த்தே படியுங்கள். ‘வென்டெ’ என்றால் காத்திரு என்று தனியாகப் பட்டியல் போட்டுப் படித்தவர்களே பேருந்து நிறுத்தத்தில் ‘வென்டெ ஃபொர்’ என்பார்கள்.

எழுதி முடித்ததும் உங்கள் பிரதியில் இந்த மூன்றெழுத்தை மட்டும் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்வி: பின்னால் கால அளவு இருந்தால் சிதன் இருக்கிறதா? பின்னால் ஆள் இருந்தால் அவர் பெறுபவரா, பெறுபவர் என்றால் டில் போட்டீர்களா? பின்னால் பிரதிப்பெயர் இருந்தால் சரியான வடிவமா?

வாக்களிப்பதில் மட்டும் இந்தக் கேள்விகள் காப்பாற்றாது. சட்டமுன்வரைவுக்கோ தீர்மானத்துக்கோ ஆதரவாக வாக்களிப்பது ‘ஸ்டெம்மெ ஃபொர்’, எதிர்த்தால் ‘ஸ்டெம்மெ இமோத்’. ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ போடும் வாக்கு ‘ஸ்டெம்மெ போ’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃபார்’, தமிழில் இரண்டுக்கும் ‘க்கு’. இரண்டு மொழியும் கைவிடுகிற இடம் இது, நேரடியாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.